இருபத்துநான்கு ஆட்சேபங்கள்

யூதர்களின் ஹீப்ரு பாஷையில் வாரத்தின் ஆறு நாட்களுக்குத் தனிப் பெயர் கிடையாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிரகங்களைக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். ஏழாவதாக வரும் சனிக்கிழமைக்கு மட்டும் ‘ஷபாத்’ என்று பெயர் உண்டு. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று குழந்தைகள் விரல் விட்டு எண்ணுவதைப்போல, ஒரு சமூகம் முழுவதும் வாரந்தோறும் தன் ஓய்வு நாளை நோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்த எண்ணிக்கையின்படியே நடக்கும் பள்ளிக்கூடங்கள் சில உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1937-ஆம் ஆண்டு ஜோசப் ஸோலவேச்சிக் என்ற பெரும் பண்டிதர் மைமானிடீஸ் பள்ளியை ஸ்தாபித்தார். அதே ஆண்டில் நியூயார்க்கில் ராமாஸ் பள்ளி தோன்றியது. பிள்ளைகள் தங்கள் முன்னோரின் சாஸ்திரங்களையும் கற்க வேண்டும். கணிதம், பௌதிகம், இலக்கியம், சரித்திரம் ஆகியவற்றிலும் எவருக்கும் பின்வாங்கக் கூடாது என்பதே இரண்டின் நோக்கமும். இவ்வகை ஹைஸ்கூலில் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது? நாம் அங்கே போய் வந்ததில்லை. ஆனால், உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிறருடைய வகுப்பறையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் சபலம் விடுவதில்லை. அப்படிப் படித்தும் கேட்டும் அறிந்ததையே நேயர்களுக்குச் சொல்கிறோம்.

பள்ளிக்கூடம் பெரும்பாலும் திங்கட்கிழமை, அதாவது இரண்டாம் நாள், தொடங்குகிறது. முதல் மணியே பிரார்த்தனைக்குத்தான். பதின்மூன்று வயது நிரம்பிய பையன்கள் வேதவாக்கியங்கள் எழுதிய தோல் சுருள் அடங்கிய இரண்டு கறுப்புப் பேழைகளை வாரினால் கட்டிக்கொள்கிறார்கள். ஒன்று கைக்கு, மற்றொன்று தலைக்கு. திங்களும் வியாழனும் பேழையிலிருந்து வேதச்சுருளை எடுத்து வாசிப்பது மரபு. கையால் எழுதப்பட்ட அந்தச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை. ராகக் குறிப்பும் இல்லை. வாசிக்கிறவன் எல்லாவற்றையும் முன்கூட்டியே நெட்டுருப் பண்ணி வர வேண்டும். தவறினால் பக்கத்தில் நிற்பவர்கள் உடனே திருத்துவார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இது சாமானியமான பரீட்சையல்ல.

பிரார்த்தனை முடிந்ததும் தால்மூத் வகுப்பு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட தர்க்க சமுத்திரம் அது. சட்டம், கதை, வைத்தியம், வேடிக்கை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதன் பக்கமே பார்க்க விநோதமானது. நடுவில் மூலம். உட்புறத்து ஓரத்தில் பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்த ராஷி (1040–1105) என்பவரின் உரை. வெளிப்புறத்து ஓரத்தில் அவருக்குப் பின் வந்தவர்களின் உரை. அப்படிப் பின்வந்தவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்மாரும் உண்டு. தாத்தா சொன்னதைப் பேரன் அதே பக்கத்தில், அதே மையில் மறுக்கிறான். அதை யாரும் அவமரியாதை என்று கருதவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக இரண்டையும் சேர்த்தே அச்சிட்டு வருகிறார்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் முதலில் படிக்கும் பகுதிகளில் ஒன்று, வழியில் கண்டெடுத்த பொருளைப் பற்றியது. சிதறிக் கிடக்கும் காசைக் கண்டெடுத்தவன் தானே வைத்துக்கொள்ளலாம். பையில் கட்டிய காசானால் ஊரறியக் கூவி அறிவிக்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? அடையாளம் இல்லாத பொருளை இழந்தவன், “இனி அது கிடைக்காது” என்று ஆசையை விட்டுவிடுகிறான். அவன் விட்டபின் அது எடுத்தவனைச் சேரும். சரி, தன் காசு விழுந்ததே உடையவனுக்கு இன்னும் தெரியாவிட்டால்? தெரிந்திருந்தால் ஆசையை விட்டிருப்பான். ஆகையால் விட்டதாகவே கொள்ளலாம் என்கிறார் ராவா. தெரியாதவன் எதை விடுவான், விடவே இல்லை என்கிறார் அபாயே. பாபிலோனியாவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இவ்விருவரும் வாதம் செய்யாத விஷயம் குறைவு. பெரும்பாலான வழக்குகளில் ராவாவின் கட்சியே ஜயித்தது. அபாயே ஜயித்த வழக்குகள் ஆறு மட்டுமே. அவற்றுள் இது ஒன்று. தோற்றவருடைய வாதத்தையோ ஒருவரும் அழிக்கவில்லை. இன்றும் பிள்ளைகள் அதை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பேனா கிடந்தால், எடுத்தவனைச் சுற்றி ஒரு நியாயஸ்தலமே கூடிவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை உபாத்தியாயர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போவதில்லை. இவ்விரண்டு பேராகப் பிரித்து விட்டுவிடுகிறார். ஒரு புஸ்தகத்தின் மேல் இரண்டு தலைகள் குனிகின்றன. எங்கே கேள்வி முடிகிறது, எங்கே விடை தொடங்குகிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் அடையாளமே இராது. இருவரும் வாதாடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவன் பொருள் சொல்ல, மற்றவன் இடறுவான். இருபது ஜோடிகள் ஏககாலத்தில் பேசினால் அந்த அறை எப்படி இருக்கும்! சத்தம் போடாதே என்றே வாழ்நாளைக் கழிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே மயக்கமே வந்துவிடும். அங்கோ, அறை நிசப்தமாக இருந்தால்தான் உபாத்தியாயர் கவலைப்படுவார்.

இந்தக் கூச்சலுக்கு ஆதாரமாக தால்மூதிலேயே ஒரு கதை இருக்கிறது. ரபி யோகனான் மூன்றாம் நூற்றாண்டில் பெரும் ஆசிரியர். ரேஷ் லகீஷ் என்ற கொள்ளைக்காரன் அவரால் மனம் திரும்பி, அவருடைய தங்கையை மணந்து, அவருக்கு ஈடான அறிஞனானான். ஒருநாள் வாதத்தின் நடுவே ஆசிரியர் அவனுடைய பழைய தொழிலைக் குத்திக் காட்டினார். அதனால் வந்த பிணக்கில் இருவர் மனமும் முறிந்தது. ரேஷ் லகீஷ் நோயில் விழுந்து இறந்துபோனான். ஆசிரியர் துக்கத்தில் ஆழ்ந்தார். அவரைத் தேற்றுவதற்காக இன்னொரு கெட்டிக்காரச் சீடரை அனுப்பினார்கள். அவர், யோகனான் எதைச் சொன்னாலும், தாங்கள் கூறுவதற்கு இன்ன பிரமாணம் இருக்கிறது என்று ஆதரவு காட்டினார். யோகனானுக்குத் தாங்கவில்லை. ரேஷ் லகீஷ் என்றால் தம் பேச்சுக்கு இருபத்துநான்கு ஆட்சேபங்கள் கிளப்பியிருப்பான், தாம் இருபத்துநான்கு சமாதானம் சொல்லியிருப்போம், விஷயமும் தெளிந்திருக்கும்; தாம் சொல்வது சரியென்பது தமக்கே தெரியாதா என்று புலம்பினார். ஆடையைக் கிழித்துக்கொண்டு அந்தத் தோழனைத் தேடி அலைந்து, சித்தம் கலங்கி, கடைசியில் அவரும் மாண்டார்.

செவ்வாய், புதன் என்று வாரம் நகர்கிறது. பகலுணவில் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. இரண்டிற்கும் பாத்திரங்களே வெவ்வேறு. பிற்பகலில் அல்ஜீப்ராவும் ரசாயனமும் ஷேக்ஸ்பியரும். இரட்டைப் பாடத்திட்டமாகையால் பள்ளி விடுவதற்குள் அந்தி சாய்ந்துவிடுகிறது; அதன் மேல் வீட்டுப்பாடம். இதன் சுமையை நாம் மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். சம்பளமோ பெற்றோரின் முதுகை முறிக்கிறது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரத்து ஜெபாலயத்தில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பள்ளி வாயில்களில் காவல் இன்னும் பலப்பட்டது. பாடப் புஸ்தகத்தோடு இந்த அச்சத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள் அந்தச் சிறுவர் சிறுமியர்.

சிறுமியர் என்றோமல்லவா? அதிலும் ஒரு சரித்திரம் உண்டு. நெடுங்காலம் பெண்களுக்குச் சாஸ்திரப் படிப்பு வீட்டுவாசலோடு நின்றது. போலந்தின் கிராக்கோ நகரில் 1917-ல் தையல் வேலை செய்து பிழைத்த ஸாரா ஷெனிரர் என்ற மாது பெண்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்; அது பல தேசங்களில் கிளைத்தது. ஆனால் அங்கேயும் தால்மூத் தர்க்கம் ஆண்களுக்கே என்றிருந்தது. மைமானிடீஸ் பள்ளியிலோ பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே தால்மூத் பாடம். அந்த நாளில் அது சிறிய துணிச்சலல்ல.

வெள்ளிக்கிழமை, ஆறாம் நாள். டிசம்பர் மாதத்தில் பாஸ்டனில் மாலை நாலேகால் மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுகிறான். மறைவதற்குப் பதினெட்டு நிமிஷத்துக்கு முன் வீட்டில் விளக்கேற்றுவது வழக்கம். ஆகவே பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். விளக்கு ஏறியபின் எழுதக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. விளக்கு விசையைத் தொடக் கூடாது. கைத்தொலைபேசி மேஜை அறைக்குள் உறங்கும். திங்கட்கிழமை பரீட்சையாயிருந்தாலும் சனிக்கிழமை ஓர் எழுத்து எழுத முடியாது. ஆனால் பேசலாம், சாப்பாட்டு மேஜையில் அந்த வாரத்து வேதப் பகுதியைக் குறித்துத் தகப்பனாரோடு வாதாடலாம். இரவில் மூன்று நட்சத்திரம் கண்டபின், பின்னிய மெழுகுத்திரியை ஏற்றி, வாசனைத் திரவியத்தை முகர்ந்து, ஓய்வு நாளுக்கு விடைகொடுக்கிறார்கள். மறுபடியும் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கை தொடங்குகிறது.

இதையெல்லாம் படித்தபோது நமக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன் நாம் சொன்ன விளக்கத்தை எழுந்து நின்று மறுத்தான். ஒரு முறையல்ல, மூன்று முறை. “உட்காரடா!” என்றோம். உட்கார்ந்தான். அதன்பின் அந்த வருஷம் முழுவதும் அவன் எழுந்திருக்கவே இல்லை. வகுப்பு வெகு அமைதியாக நடந்தது. அதற்காக நாம் சந்தோஷமும் பட்டோம். ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கு அறிவே வரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும் என்று நன்னூல் கூறுவதை அதே வகுப்பில்தான் நடத்திக்கொண்டிருந்தோம்!

யோகனானுக்குத் தோழன் போன பிறகுதான் தெரிந்தது. நமக்கும் அப்படித்தான். அந்தப் பையனுடைய நான்காவது ஆட்சேபம் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறோம், தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பின் வரிசையில் எவனாவது கையைத் தூக்கினால், இம்முறை அவனை உட்காரச் சொல்வதாக இல்லை.