தேசவழமை காப்பாற்றாத மனைவி

மருதனார்மடச் சந்தியிலிருந்து இணுவில் பக்கம் போனாலும் சரி, சுன்னாகம் பக்கம் போனாலும் சரி, காணி பூமி உள்ள முதியவர்களிடம் மரணசாதனம் என்று பேச்செடுத்தால் மறுமொழி ஆயத்தமாக இருக்கும்: "எங்களுக்குத் தேசவழமை இருக்குத்தானே, பிறகேன் எழுதுவான்?" எழுதினால் ஆயுசு குறையும் என்ற பயமும் கூடவே வரும். பயத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். தேசவழமை எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பொறுக்க முடியாது.

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் அது. இன்றைய உரிமைப் பங்கீட்டை 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் தீர்மானிக்கின்றன. சாதனம் எழுதாமல் கணவன் இறந்தால், மணவாழ்வில் அவர் சேர்த்த தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு. பரம்பரையாக வந்த முதுசம் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளை இல்லையென்றால் அவருடைய இரத்த உறவுகளுக்கு.

பிள்ளையில்லாத ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வளவு கணவனின் முதுசம். அந்த முற்றத்தைக் காலமெல்லாம் கூட்டியவள், கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் கட்டியவள் மனைவி. அவர் கண்மூடியதும் வளவு கனடாவிலும் லண்டனிலும் உள்ள அவருடைய சகோதரங்களுக்கு உரித்தாகிறது. அவர்கள் மனம் வைத்தால் அவள் அங்கே இருக்கலாம். ஒரு மனுசியின் கடைசிக் காலத்தை மைத்துனர்மாரின் தயவில் விட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

இதைத் தவிர்க்க வழி எப்போதோ திறந்தாயிற்று. விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமையை 1844ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கக் கையெழுத்திட்டால் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுத அது வேண்டாம். அவளுக்கு முழுச் சுதந்திரம் தரும் ஒரே பத்திரத்தையும் அபசகுனம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

"பிள்ளைகள் ஒற்றுமையாய்ப் பிரிச்சுக்கொள்ளுவினம்" என்பார்கள். மூன்று பிள்ளைகள் என்றால் தோட்டம், கிணறு, வழிவாய்க்கால் எல்லாவற்றிலும் ஆளுக்கு மூன்றிலொரு பிரிபடாத பங்கு. அடுத்த தலைமுறையில் அது ஒன்பதிலொன்று, பன்னிரண்டிலொன்று. மோட்டார் பூட்டும் முறைக்கே சண்டை வரும்; முடிவு பாகப்பிரிவினை வழக்கு.

செல்வாக்கும் உதவாது. தமிழக முதல்வராக இருந்த ஜெயலலிதா 2016இல் இறந்தபோது சாதனம் எதுவும் இருக்கவில்லை. அண்ணன் பிள்ளைகளே வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2020 ஆயிற்று. தருமத்துக்கென எழுதிவைத்த சென்னை வணிகர் பச்சையப்ப முதலியாரின் சொத்தும் வழக்கில் சிக்கியது உண்மைதான். 1794இல் சாவதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் எழுதினார். அந்தச் சொத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் எழ 1842 வரை சென்றது. ஆனால் எழுத்து இருந்தபடியால்தான் அந்தத் தருமப் பணம் மீண்டது. அவசரத்தில் எழுதாமல், நிறைவேற்ற நம்பிக்கையான ஆளைத் தேடி, உடம்பு சுகமாக இருக்கும்போதே எழுதவேண்டும்.

அதற்கு முதல் வேலை உறுதிகளை எடுத்து விரிப்பது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவற்றைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். எது முதுசம், எது சீதனம், எது தேட்டம் என்பதை உரித்து வந்த வழியை வைத்துத்தான் நொத்தாரிசு பிரித்துச் சொல்வார்.