பழைய பிக்கப் வண்டியின் கியரும் பின்னச்சும்

பழைய பிக்கப் வண்டியொன்றைப் பண்ணை வேலைக்கு வைத்திருப்போர் முதலில் விரும்பும் மாறுதல், அது சாலையில் இன்னும் விரைவாக ஓட வேண்டுமென்பதே. எஞ்சின் அலறுகிறது, மற்ற வண்டிகள் முந்திச் செல்கின்றன. பின்னச்சிலுள்ள பற்சக்கரங்களை மாற்றிவிட்டால் போதும் என்று பட்டறையில் சொல்லப்படும் யோசனை உடனே ஏற்கப்படுகிறது. அந்த யோசனை பாதி சரி, பாதி தவறு. கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒரே கணக்கின் இரு பகுதிகளாகும். ஒன்றை மட்டும் மாற்றுவோர் வேகத்தில் பெறுவதைப் பாரத்தில் இழப்பர். வண்டி எவ்வளவு பாரத்தை எந்த மேட்டில் இழுக்க வேண்டும், எந்தச் சரிவில் அடங்கி இறங்க வேண்டும் என்பவற்றை முதலில் தீர்மானித்து, அதன் பின்னரே வேகத்தைப் பற்றி எண்ணுவது முறை.

இதனை விளக்குவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1947 முதல் 1953 வரை விற்பனையான செவர்லே அரை டன் பிக்கப் நல்ல உதாரணமாகும். அந்நாட்டில் அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. செவர்லே என்னும் பெயர் இந்தியாவுக்கும் புதியதன்று. அதனைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாயில் மோட்டார் வண்டிகளைக் கூட்டியமைத்து வந்தது. மேற்சொன்ன பிக்கப்பின் எஞ்சின் 216 கன அங்குல அளவும் 6 சிலிண்டரும் உடையது. நிமிஷத்திற்குச் சுமார் 3,300 சுற்றில் சுமார் 90 குதிரைச் சக்தி தருவது. சாதாரணமாக அதில் 3 கியர்கள் உண்டு. அவற்றின் விகிதங்கள் 2.94, 1.68, 1.00 ஆகும். பின்னச்சின் விகிதம் 4.11. அதாவது, 9 பல் கொண்ட பினியன் 37 பல் கொண்ட கிரௌன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதே வரிசையில் முக்கால் டன் வண்டிக்கு 4.57 விகிதமும், ஒரு டன் வண்டிக்கு 5.14 விகிதமும் வைக்கப்பட்டன. பாரம் ஏற ஏற விகிதமும் ஏறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். வண்டியைச் செய்தவர்களே கற்பித்த முதற் பாடம் இது.

கமலை இறைத்தவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். மாட்டின் வலிமை மாறுவதில்லை. சால் பெரிதானால் நடை தளர்கிறது, சிறிதானால் நடை விரைகிறது. வலிமை, வேகம் என்ற இரண்டையும் ஒரே மாட்டிடம் ஒருங்கே பெற முடியாது. எஞ்சினும் அத்தகையதே. கியர் விகிதத்தை அச்சு விகிதத்தால் பெருக்கி வரும் எண் பெரிதாயிருந்தால் இழுப்பு மிகுதி, வேகம் குறைவு. சிறிதாயிருந்தால் வேகம் மிகுதி, இழுப்பு குறைவு. இந்த வண்டியில் முதற் கியரில் 2.94ஐ 4.11ஆல் பெருக்கினால் சுமார் 12.1 வருகிறது. பாரத்தோடு நிற்கும் வண்டியை அசைத்துக் கிளப்பும் வலிமை இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

வேகத்தை விரும்புவோரின் குறையும் நியாயமானதே. ஏறக்குறைய 28 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு மைலுக்குச் சுமார் 720 முறை சுழலும். ஆகவே 4.11 அச்சுடன் மணிக்கு 60 மைல் ஓடும்போது எஞ்சின் நிமிஷத்திற்கு 2,960 சுற்றும், 70 மைலில் 3,450 சுற்றும் சுற்ற வேண்டியிருக்கிறது. பின்னது எஞ்சினின் முழுச் சக்தி கிடைக்கும் சுற்றையும் தாண்டியது. இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் உருக்கி வார்த்த வெள்ளை உலோகத்தாலானவை. அவற்றிற்கு எண்ணெய் முழு அழுத்தத்துடன் செலுத்தப்படுவதில்லை. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டிகளே எண்ணெயை வாங்கிக்கொள்கின்றன. மணிக்கணக்காக மிகுந்த சுற்றில் ஓட்டுவதற்கு இவ்வமைப்பு ஏற்றதன்று. இவ்வண்டி பண்ணைப் பாதைக்கும் ஊர்ச் சாலைக்குமாக உண்டானது. அமெரிக்காவின் மாகாணங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம் 1956இல்தான் நிறைவேறிற்று.

இக்குறைக்கு அநேகர் கொள்ளும் பரிகாரம் 3.55 விகிதமுள்ள பற்சக்கரங்களாகும். 1950 முதல் 1954 வரை தானியங்கிக் கியருடன் வந்த செவர்லே கார்களின் சக்கரங்கள் இந்தப் பிக்கப்பின் அச்சுக்குப் பொருந்துவதால் இம்முறை பரவிற்று. இதனால் 60 மைல் வேகத்தில் எஞ்சின் சுற்று 2,560க்கு இறங்குகிறது. ஆனால் முதற் கியரின் இழுப்பு 12.1இலிருந்து 10.4க்குக் குறைகிறது. அதாவது சுமார் 14 சதவிகிதம் நஷ்டம். வெறும் வண்டியாகவோ, இரண்டொரு மூட்டையுடனோ சமதளச் சாலையில் ஓடுவோர் இந்த நஷ்டத்தை உணரமாட்டார். நிறைந்த பாரத்துடன் சேற்று வயலிலிருந்தோ, கரைமேட்டிலிருந்தோ வண்டியைக் கிளப்புவோர் கிளச்சை அரைகுறையாக அழுத்தி வழுக்கவிட்டே கிளப்ப நேரிடும். கிளச் தட்டு விரைவில் கருகுவதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை. மேலும் வேகமானி கியர்ப்பெட்டியின் பின்புறத்திலிருந்தே ஓட்டப்படுகிறது. அதன் சிறு பற்சக்கரத்தையும் மாற்றாவிட்டால், வண்டி 60 மைலில் ஓடும்போது முள் 52 மைலையே காட்டும். ஓட்டுவோர் தம் வேகத்தை அறியாமலே ஓட்டுவது பெரிய அபாயம்.

செலவில்லாத பரிகாரமொன்று இருப்பதை ஒருவரும் எண்ணுவதில்லை. பழைய 4.11 அச்சுடனேயே 50 மைல் வேகத்தில் சென்றால் எஞ்சின் சுற்று சுமார் 2,470 ஆகும். இது 3.55 அச்சுடன் 60 மைலில் செல்வதைக் காட்டிலும் குறைவு. 20 மைல் தூரமுள்ள சந்தைக்கு 60 மைல் வேகத்தில் 20 நிமிஷமும், 50 மைல் வேகத்தில் 24 நிமிஷமும் ஆகும். அந்த 4 நிமிஷத்தை மிச்சப்படுத்துவதற்காக அச்சைப் பிரிப்பது பண்ணைக்காரருக்கு இலாபகரமான வியாபாரமாகத் தோன்றவில்லை.

வயல் வேலையே பிரதானமென்றால், இதே கம்பெனி இவ்வண்டிகளுக்கு அளித்த 4 கியர்ப் பெட்டியே சிறந்தது. அதன் முதற் கியர் 7.05 விகிதமுடையது. அதனை 4.11ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 29 வருகிறது. மனிதன் நடக்கும் வேகத்தில், கிளச்சை வருத்தாமல், நிறைபாரத்துடன் வண்டி ஊர்ந்து செல்லும். எனினும் அதன் நான்காவது கியரும் 1.00 தான், ஆகையால் பெருஞ்சாலையில் எஞ்சினுக்கு அதனால் எவ்வித ஓய்வும் கிட்டாது. அதனை வாங்குவோர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

இரண்டும் வேண்டுமென்போருக்கு 5 கியர்ப் பெட்டி ஒன்றே தக்க விடை. 1980களில் வந்த செவர்லே எஸ்-10 என்னும் சிறு பிக்கப்பின் பெட்டிகளில் முதற் கியர் 4.03, ஐந்தாவது கியர் 0.86 உடையவை உண்டு. பழைய 4.11 விகிதத்துடன் அதனைச் சேர்த்தால் முதற் கியரில் சுமார் 16.6 கிடைக்கிறது, இது பழைய 3 கியர்ப் பெட்டியைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் அதிகம். ஐந்தாவது கியரிலோ 3.53 வருகிறது. அதாவது 3.55 அச்சு தரும் சாலைச் சுகம் அப்படியே கிட்டுகிறது; இழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அச்சை மட்டும் மாற்றுவதைவிட இது மேலென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இதற்குரிய செலவை மறைப்பது நியாயமன்று. இப்பழைய வண்டியில் பின்னச்சுக்குச் செல்லும் ஷாப்ட் ஒரு குழாய்க்குள் அடைக்கப்பட்டுள்ளது. அச்சின் உந்துதலையும் அக்குழாயே தாங்குகிறது. புதிய பெட்டிக்குத் திறந்த ஷாப்ட் தேவை. ஆகவே அச்சையும் மாற்ற வேண்டும். அதன் அகலம், வில் இருக்கை, சக்கர போல்ட்டுகள், பிரேக் குழாய் ஆகிய யாவும் பொருந்த வேண்டும். இத்தனையும் செய்பவர், கிடைத்த அச்சையெல்லாம் போட்டுவிடலாகாது. கார்களில் காணும் 3.08 போன்ற சிறு விகித அச்சை 5 கியர்ப் பெட்டியுடன் சேர்த்தால் ஐந்தாவது கியர் மேட்டில் இழுக்காது. காசு கொடுத்து வாங்கிய கியர் வீணே கிடக்கும். 3.73 முதல் 4.11 வரையுள்ள விகிதமே உசிதமானது.

ஏறுவதைப் பற்றிப் பேசுவோர் இறங்குவதை மறந்துவிடுகின்றனர். பழைய வண்டியின் பிரேக்குகளுக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் உண்டு. ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே கைவிடும். நீண்ட சரிவில் காப்பாவது கீழ்க் கியரில் எஞ்சின் தரும் தடையே. அச்சு விகிதத்தைக் குறைத்தால் அந்தத் தடையும் அதே அளவு குறைகிறது. மூன்று கியர்ப் பெட்டியின் பின்னால் இணையும் போர்க்-வார்னர் ஓவர்டிரைவை நாடுவோர் மேலும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அது 0.70 விகிதம் தந்து சாலையில் எஞ்சினுக்கு ஓய்வளிப்பது உண்மை. ஆனால் அதன் கைப்பிடி உள்ளே தள்ளப்பட்டிருக்கையில், குறைந்த வேகத்தில் சக்கரங்கள் எஞ்சினைத் திருப்பாமல் தாமே உருளும். எஞ்சின் தடை அறவே இராது. சரிவின் தலையை அடைவதற்கு முன்பே கைப்பிடியை இழுத்து அதனைப் பூட்டிவிட வேண்டும். இதனை அறியாத ஓட்டியிடம் பாரவண்டியை ஒப்படைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

எந்த மாறுதலுக்கும் முன்பு, வண்டியில் இப்போதுள்ள விகிதத்தை அறிந்துகொள்ள வேண்டும். முன் உரிமையாளர் எதை மாற்றியிருப்பாரென்று சொல்வதற்கில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு பின் சக்கரத்தை மட்டும் உயர்த்தி உறுதியான தாங்கிமேல் வைத்து, தரையிலுள்ள மற்றச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். இக்னிஷனை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கைப்பிரேக்கைத் தளர்த்தி, டாப் கியரில் வைத்து, ஹாண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வேண்டும். உயர்த்திய சக்கரம் சரியாக 2 சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் 4 சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால் விகிதம் 4.11, மூன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாயின் 3.55. டயரின் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நலம். 28 அங்குல டயருக்குப் பதில் 30 அங்குல டயர் போட்டாலே 4.11 அச்சு 3.84 போல நடந்துகொள்ளும்.

ஆகவே, பழைய வண்டியைத் தமக்காக வாங்கும் நிலக்காரரும், சங்கத்திற்காகவோ ஊருக்காகவோ வாங்கும் கிராம உத்தியோகஸ்தரும், விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: முதற் கியர் விகிதம், அச்சு விகிதம், டயர் அளவு. இம்மூன்றையும் வைத்து வீட்டுத் திண்ணையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். வயலுக்குள் செல்லும் வண்டியாயின் 4.11 அச்சையும் 4 கியர்ப் பெட்டியையும் விட்டுவிடாமல் 50 மைலோடு திருப்தியடைவதே விவேகம். இலேசான பாரத்துடன் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு 3.55 அச்சு தகும். இரண்டு வேலையும் செய்யும் வண்டிக்கு, கையில் பணமிருந்தால், 5 கியர்ப் பெட்டியும் பெரிய விகித அச்சும் தகும். எவ்வகையாயினும், பிரேக்கைச் செப்பனிட்ட பிறகே வேகத்திற்குச் செலவிடுவது கடமை. நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓட்டம் எதற்கு?