கிளம்பும் நாளில் வாங்கும் இன்ஷூரன்ஸ் எதற்கு?



அப்பா அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் நான்கு நாள் அழைத்துப் போகப் போகிறோம் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மூவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "சார், எந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸ் நல்லது?" தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

எந்தக் கம்பெனி என்பதே தவறான கேள்வி என்பது என் கருத்து. எல்லாக் கம்பெனியிலும் உருப்படியான பாலிசியும் உண்டு, பெயருக்கு ஒரு பாலிசியும் உண்டு. கேட்க வேண்டியது வேறு. எப்போது வாங்குவது? யாருக்கு உடம்பு முடியாமல் போனால் பணம் வரும்? எவ்வளவு முடியாமல் போனால் வரும்?

முதலில் எப்போது என்பதைப் பார்ப்போம். நம் வீடுகளில் விசா வரும், டாலர் மாற்றுவோம், பெட்டி கட்டுவோம், கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி "அட, இன்ஷூரன்ஸ்!" என்று போனை எடுப்போம். வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கு அது போதும். அந்தப் பாதுகாப்பு பயணம் தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பயணத்தை ரத்து செய்தால் கிடைக்கும் பணத்துக்கான பாதுகாப்பு, பாலிசி கைக்கு வந்த நாளில் தொடங்கி நீங்கள் கிளம்பும் நேரத்தில் முடிந்துவிடும். முதல் நாள் ராத்திரி வாங்கினால் அதன் ஆயுள் ஒரே ராத்திரி. முன்பணம் கட்டிய வாரத்திலேயே வாங்கினால் ஆறு மாதம். இரண்டுக்கும் பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் பிரீமியம் பெரும்பாலும் பயண நாட்களையும் வயதையும் வைத்துத்தான் போடுகிறார்கள்.

கப்பல் என்றால் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். விமான டிக்கெட்டில் கொஞ்சம் பணம் போனாலும் தேதி மாற்றிக்கொள்ள வழி இருக்கும். கப்பலில் கேபின் என்பது கல்யாண மண்டபம் மாதிரி. கடைசி நேரத்தில் நீங்கள் வேண்டாம் என்றால் வேறு ஆள் பிடிக்க அவர்களுக்கு நேரமில்லை. அதனால் ரத்துக் கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றிவைத்திருப்பார்கள். சில மாதம் முன்னால் சொன்னால் முன்பணம் மட்டும் போகும், பிறகு பாதி, பிறகு முக்கால், கடைசி வாரங்களில் முழுத்தொகையும். இந்தப் படிக்கட்டு கப்பலுக்குக் கப்பல் மாறும். பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதற்குப் பணம் தராது.

அடுத்து தொகை. விளம்பரத்தில் ஐம்பதாயிரம் டாலர், ஒரு லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மருத்துவச் செலவுக்கான வரம்பு. ரத்துக்கான வரம்பு அட்டவணையில் கீழே எங்கோ ஒரு வரியில் சில நூறு டாலராகவோ ஆயிரம் டாலராகவோ உட்கார்ந்திருக்கும். நான்கு பேருக்குக் கப்பலும் விமானமும் சேர்த்து நான்கு லட்சம் ரூபாய் கட்டிவிட்டு, ஆளுக்கு ஐந்நூறு டாலர் வரம்புள்ள பாலிசி வாங்கினால் பாதிகூடத் திரும்பாது. திரும்பி வராத பணம் மொத்தம் எவ்வளவு என்று முதலில் கூட்டிப் பாருங்கள், பிறகு அந்த வரியைப் பாருங்கள். இது நான்காம் வகுப்புக் கணக்குதான்.

இனி, எவ்வளவு முடியாமல் போனால் பணம் வரும் என்பது. "நோய் காரணமாக ரத்து" என்று அட்டவணையில் இருக்கும். நாம் நிம்மதியாகிவிடுவோம். உள்ளே போனால் பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். கார்த்திகை, மார்கழியில் நம் ஊரில் யாருக்குத்தான் காய்ச்சல் வராது? டெங்கு என்று டாக்டர் சொல்லி, வீட்டிலேயே கஞ்சியும் மாத்திரையுமாகப் படுத்து, நான்கு நாள் ரத்தத்தட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் அது அவர்கள் கணக்கில் நோயே இல்லை. சில பாலிசிகளில் "பயணம் செய்யும் உடல்தகுதி இல்லை" என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் போதும் என்றிருக்கும். இந்த ஒரு வரிக்காக ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பேன். மற்ற அலங்காரங்கள், பெட்டி தாமதம், பாஸ்போர்ட் தொலைவது, இதெல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கர்ப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கப்பல் கம்பெனிகள் பலவும் 24 வாரம் ஆன கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை. முன்பதிவு செய்யும்போது இல்லாத கர்ப்பம் கிளம்பும் நாளில் ஆறு மாதமாக இருக்கலாம். சாதாரண கர்ப்பத்தை இன்ஷூரன்ஸ் நோயாக எடுத்துக்கொள்ளாது. புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் தேதியை யோசித்துப் போடுங்கள்.

யாருக்கு என்பதுதான் நம் குடும்பங்களில் பெரிய சிக்கல். பயணம் போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் படுத்துவிட்டாலும் நாம் போக மாட்டோம். பாலிசிக்கும் அது தெரியும், அதனால் "நெருங்கிய குடும்பத்தினர்" என்று ஒரு சொல் வைத்து, அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சிலவற்றில் உடன்பிறந்தவர்கள், சிலவற்றில் மாமனார் மாமியார். நம்மை எடுத்து வளர்த்த பெரியம்மா அதில் வரமாட்டார். தாய்மாமன் வரமாட்டார். ஆத்தா, அப்பத்தா சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. பெரியம்மா ஐசியூவில் இருக்கும்போது எந்தப் பிள்ளை கப்பலில் போய் பஃபே சாப்பிடும்? நாம் போக மாட்டோம், பணமும் வராது. இதைத் தெரிந்துகொண்டே முன்பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, ஊரில் இருக்கும் எண்பது வயது அப்பாவின் பழைய இருதய நோயையும் சில பாலிசிகள் "ஏற்கெனவே இருந்த நோய்" என்று தள்ளிவிடும். அவர் பயணமே போகவில்லை, ஆனாலும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் அப்பா அம்மாவுக்குப் பாலிசி எடுக்கிறார்கள். "ஏதேனும் நோய் உள்ளதா?" என்ற கேள்வி வருகிறது. இல்லை என்று ஒரு டிக். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சுகர். அம்மா காலையில் தைராய்டு மாத்திரை, ராத்திரி பிரஷர் மாத்திரை. பிள்ளைக்கு ஒன்று தெரியாது, அல்லது தெரிந்தும் பிரீமியம் ஏறிவிடும் என்று மறைக்கிறது. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே சார், இதெல்லாம் நோயா?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நோய்தான் தம்பி. தினமும் மாத்திரை சாப்பிட்டால் அது நோய்தான். இன்ஷூரன்ஸ் சட்டத்தின் அடிப்படையே, கேட்டவர் முழு உண்மையும் சொல்வார் என்ற நம்பிக்கை. அதை உடைத்தால் மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே வேண்டாம்.

சொன்னால் மட்டும் தந்துவிடுவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2009இல் ஒருவர் உறவினர் கல்யாணத்துக்காக அமெரிக்கா கிளம்பினார். வெளிநாட்டு மருத்துவ பாலிசி எடுக்கும்போது தமக்கு நீரிழிவு இருப்பதைத் தெரிவித்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே உடம்பு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ரத்தக்குழாயில் மூன்று ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. பழைய நோயால் வந்தது, கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் தோற்றார். கடைசியில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோய் இருப்பதைத் தெரிந்து, அதை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்துவிட்ட கம்பெனி, பிறகு அதே நோயைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அது ரத்துப் பணம் பற்றிய வழக்கு இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு பற்றியது. ஆனாலும் அவரைக் காப்பாற்றியது விண்ணப்பத்தில் அவர் எழுதிய அந்த ஒரு பதில். அதுவும் 12 வருடம் கழித்து. அவர் "இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த 12 வருடமும் வீண்.

ஆகவே அப்பா அம்மாவிடம் போனில் கேட்காதீர்கள். "எனக்கு ஒன்றும் இல்லைப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. மாத்திரை டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். பிறகு கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி: "இந்த நோய்கள் காரணமாக டாக்டர் பயணம் வேண்டாம் என்றால் ரத்துப் பணம் கிடைக்குமா?" போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் கிடைக்கும் என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் வரும் பதில்தான் பதில்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் நல்ல வசதி இருக்கிறது. முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் பாலிசி வாங்கினால், பழைய நோய் என்ற விலக்கையே பல கம்பெனிகள் நீக்கிவிடுகின்றன. எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்து செய்யும் வகை ஒன்றும் அங்கே உண்டு. விலை அதிகம், திரும்புவது 50 முதல் 75 சதவீதம்தான், பெரும்பாலும் கிளம்ப 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்தாக வேண்டும். ஆனால் பெரியம்மா பிரச்சினைக்கு அதுதான் மருந்து. இங்கிலாந்தில் இருப்பவர்கள், நோயைக் காரணம் காட்டி ஒரு கம்பெனி மறுத்தால் விட்டுவிடாதீர்கள். நோயுள்ளவர்களுக்குப் பாலிசி தரும் கம்பெனிகளின் பட்டியலை மணிஹெல்ப்பர் என்ற பொது அமைப்பு வைத்திருக்கிறது. அங்கே கப்பலுக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்க வேண்டிய பாலிசிகளும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

முன்பதிவு செய்யும்போது கப்பல் கம்பெனியே ஒரு திட்டத்தை நீட்டும், ஒரு டிக் போட்டால் போதும் என்று. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அவற்றில் சில, சில காரணங்களுக்குப் பணமாகத் தராமல் அடுத்த பயணத்துக்கான வரவாகத்தான் தரும். முடியாமல் படுத்திருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அடுத்த வருடக் கப்பலுக்குக் கூப்பனா?

எல்லாருக்கும் இது தேவை என்றும் சொல்ல மாட்டேன். 2022இல் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு வருகிற சின்னப் பயணங்களும் வந்துவிட்டன. ஆரோக்கியமான இளம் ஜோடி அதற்குப் போகிறது, பணம் போனாலும் தாங்கும் என்றால் ரத்துப் பாதுகாப்புக்காக மெனக்கெட வேண்டாம். இழந்தால் மனசு நோகும் தொகைக்கும், இழந்தால் வீடு நோகும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடைசியாக, நிஜமாகவே ரத்து செய்ய வேண்டி வந்தால். டாக்டர் வேண்டாம் என்ற அன்றே கப்பல் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், சரியாகிவிடும் என்று இழுத்து, அதற்குள் ரத்துக் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிட்டால், அந்தக் கூடுதலை இன்ஷூரன்ஸ் தராமல் போகலாம். நம் டாக்டர்கள் சீட்டில் "ஐந்து நாள் ஓய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அது போதாது. என்ன நோய், எந்தத் தேதியில் கண்டறியப்பட்டது, இந்தத் தேதியில் பயணம் செய்யத் தகுதியில்லை என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் தேதி நீங்கள் ரத்து செய்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருக்கக் கூடாது. ஒரே கேபினில் இருவர் போவதாக இருந்து ஒருவருக்கு முடியாமல் போனால், மற்றவருக்கும் ரத்துப் பணம் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு அப்பா தனியாகக் கப்பலேறப் போவதில்லை.

அப்படியும் மறுத்தால் சும்மா விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பாலிசி ஆவணம் ஆங்கிலத்தில் முப்பது நாற்பது பக்கம் இருக்கும். புரியாத வரி இருந்தால் அந்த வரியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். பாலிசி எண்ணையும் பாஸ்போர்ட் படத்தையும் கமெண்டில் போடாதீர்கள். போன தடவை ஒருவர் போட்டுவிட்டார்.