நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டாம்!

2019-ல் அத்திவரதரைச் சேவிக்க எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்தீர்களா? ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள். முதல் 31 நாள் சயனக் கோலம், அப்புறம் 17 நாள் நின்ற கோலம். 1979-க்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து அவர் வெளியே வந்தது அப்போதுதான். மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது சில விநாடி தரிசனம். அதற்கே கண்கலங்கியவர்கள் எத்தனை பேர்!

அந்தச் சில விநாடியில் பக்தியோடு இன்னொன்றும் நடந்தது. நேற்றைய சண்டை, நாளைய தவணை எதுவும் மனசில் ஓடவில்லை. கண் பார்த்ததை மனசும் சேர்ந்து பார்த்தது. அப்படிப் பார்க்க 2059 வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

அதே கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், ஒரே கல்லில் குடைந்த சங்கிலி தொங்குகிறது. கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷமாகியும், சுற்றுச் சன்னதிகளில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? செல்போனில் ஒரு படம், மத்தியானத்துக்குள் பட்டுப்புடவை, சாயங்காலம் ஊர் திரும்பல்!

அந்தப் புடவையையாவது பார்க்கிறோமா? கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நிறம். மூன்று நாடா ஓட்டி, கூட ஒருவர் உதவ, இழை இழையாக இரண்டையும் கோர்க்கிறார்கள். பொறுமையான வேலை என்றால் சுகமான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தறிக்குழியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் என்ன பாடுபடும்! விலைச்சீட்டைப் பார்க்கும் முன் புடவையை உள்பக்கம் திருப்பி, நிறங்கள் கைகோர்க்கும் இடத்தை ஒரு நிமிஷம் பாருங்கள்.

வைத்தியத்திலும் இதே கதைதான். ஓடி வந்தவருக்கு உடனே நாடி பார்க்க மாட்டோம். இங்கிலீஷ் டாக்டரும் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்க்க வேண்டும் என்கிறார். ஓட்டம் நின்றால்தான் உடம்பு உண்மை பேசும்.

"அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறேன் டாக்டர், நின்னு பார்க்க நேரமேது?" என்று கேட்கும் குடும்பத் தலைவிகள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களிடம் 'நிதானமாக இரும்மா' என்று உபதேசம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் மற்றவர்கள் உட்கார்ந்தே இருப்பதால்தானே அவர் ஓடுகிறார்? நிதானம் என்பது வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சொத்து.

ஆகவே ஐயா, இந்த மருந்துச்சீட்டு உங்களுக்கு! நாளைக் காலை காபியை நீங்கள் போடுங்கள். டம்ளரையும் நீங்களே கழுவி வையுங்கள். அந்தப் பத்து நிமிஷம் வீட்டம்மா, தான் போட்ட கோலத்தைத் தானே நின்று பார்க்கட்டும். டி.வி., செல்போன் எதுவும் குறுக்கே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு இது மாற்று அல்ல, அவற்றை நிறுத்திவிடாதீர்கள். எதைப் பார்த்தாலும் சந்தோஷமே வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தினம் பத்து நிமிஷம் போதும். செலவில்லை, பத்தியமும் இல்லை!