ஏட்டுச் சுரைக்காயும் விஞ்ஞான உபாத்தியாயரும்

விஞ்ஞான உபாத்தியாயராகப் பயிற்சி பெறுவோரிடம் நவீன கல்வித் திறமைகள் எவ்வளவு உள்ளன என்று அளந்தறிய வேண்டுமென எங்கும் பேசப்படுகிறது. ஆராய்ந்து வினவுதல், பிறருடன் கூடி உழைத்தல், புதிய கருவிகளைக் கையாளுதல் என்பன அத்திறமைகள். இவை வேண்டுமென்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. எந்தக் கோலால் அளப்பது என்பதே நமது கேள்வி.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் எழுதும் தகுதிப் பரீட்சையில் 150 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒன்றைக் குறித்தால் போதும். ஞாபக சக்தியை இது அளக்கலாம். விஞ்ஞான புத்தியை அளக்குமா?

நீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தித் தம்ளரால் மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கான பிராணவாயு தீர்ந்த இடத்தை நீர் நிரப்பிற்று என்று ஒப்பித்து வருகிறோம். ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்?" என்று கேட்கட்டும். நீர் முன்னிலும் உயர ஏறும்! பிராணவாயுவோ அதே அளவுதான். சூட்டினால் விரிந்த காற்று ஓரளவு வெளியேறி, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே முக்கிய காரணம். மனப்பாடம் செய்தவர் அப்பையனை உட்காரச் சொல்வார். கற்கத் தெரிந்தவர் இன்னும் இரண்டு மெழுகுவர்த்திகளை எடுப்பார். வினாத்தாளில் இருவரும் ஒரே மார்க்கு வாங்கக்கூடும்.

செய்முறைப் பரீட்சையும் உண்டே எனலாம். ஒத்திகை பார்த்து வந்த பாடத்தை ஒப்புவிப்பது, சொல்லிக்கொடுத்த சாட்சியத்தைப் போன்றது. குறுக்கு விசாரணையில்லாமல் அதை எந்த நீதிபதி ஏற்பார்?

இதன் பலனை நாம் அறியாமலில்லை. 2009ஆம் வருஷத்துப் பீசா பரீட்சைத் தொடரில் நம் தேசத்தின் சார்பில் கலந்துகொண்ட தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் 74 இடங்களுள் கடைசி வரிசையில் நின்றன. அடுத்து நடந்த 2012, 2015, 2018 பரீட்சைகளுக்கு நாம் போகவேயில்லை. கண்ணாடியை மூடி வைத்தால் முகத்தின் கறை போய்விடுமா?

பயிற்சி பெறும் இளைஞர்களை நாம் குறை கூறவில்லை. கேட்டதைத்தானே அவர்கள் கொடுப்பார்கள்? 2014ஆம் வருஷத்து விதிகள் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி, பள்ளிக்கூடங்களில் 20 வாரப் பயிற்சியையும் விதித்தன. அந்த வாரங்களே மெய்யான பரீட்சை மண்டபம். வேறு கலாசாலையிலிருந்து வரும் பரீட்சகர் பின்வரிசையில் அமரட்டும். எதிர்பாராத கேள்விக்கு உபாத்தியாயர் சோதனை வகுக்கிறாரா, "தெரியாது, செய்து பார்ப்போம்" என்று சொல்லத் துணிகிறாரா, இணையத்தில் கண்டதைச் சரிபார்க்கிறாரா என்று கவனித்து மார்க்கு இடட்டும்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகளின் கடமையென்று 1976இல் நமது அரசியல் சட்டத்தில் எழுதினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்த எழுத்து வகுப்பறையில் உயிர் பெறுவது எப்பொழுது?