பிணம் அறுக்கும் பிள்ளைகள்

குருபரப்பள்ளிக்கு அடுத்த போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி சர்க்கார் வைத்தியக் கல்லூரி நடந்து வருகின்றது. 2022ஆம் வருஷம் ஜனவரி 12ந் தேதி இந்த மாகாணத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. வருஷத்திற்கு 150 பிள்ளைகள் சேருகிறார்கள். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ எது வீட்டுப் பாஷையானாலும், படிப்பு வாசனையே இல்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாக வைத்தியம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய வாசல். ஆனால் அந்த வாசலைத் தாண்டியதும் முதல் வருஷத்திலேயே எதிரே கிடப்பது ஒரு பிணம்.

பார்மலின் நெடியில் கண்ணில் நீர் வடியும். சிலர் மயங்கி விழுவதும் உண்டு. கையை எத்தனை தரம் கழுவினாலும் மத்தியானச் சோற்றில் அந்த வாடையே அடிக்கும். தோலும் நரம்பும் கூடச் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது வேறு: முழங்கையில் பச்சை குத்திய ஒரு பெயர், உழைத்துக் காய்த்த உள்ளங்கை, நகத்தில் மிச்சமிருக்கும் சாயம். அதைக் கண்டதும் “இது பிணமல்ல, யாரோ ஒருவர்” என்று கத்தி பிடித்த கை நின்றுவிடுகின்றது. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்த நடுக்கம் துளிகூட இல்லாத வைத்தியனிடம் நோயாளி போய் என்ன ஆறுதல் அடைவான்?

ஆனால் பயத்திலே இரண்டு தினுசு உண்டு. இன்னொன்று வீட்டில் ஊட்டியது. சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலை முழுகு, பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி வளர்த்த பிள்ளைதானே இன்று அதன் பக்கத்தில் வருஷம் பூராவும் உட்காருகின்றது? தீட்டு எங்கே ஒட்டிற்று? பிணத்தைத் தொட்ட குற்றத்துக்காக வெட்டியானைச் சேரிக்குத் தள்ளிய ஊர், பிணத்தை அறுத்துப் படித்தவரை “டாக்டர் ஐயா” என்று கும்பிடுகிறதே, இதற்கு என்ன சமாதானம்?

பிணத்தை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்துத் தோலைத் தேய்த்தெடுத்து உள்ளே பார் என்று சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூலே சொல்லுகின்றது. அதையும் தீட்டு விழுங்கிவிட்டது. 1836ல் கல்கத்தாவில், சமஸ்கிருதக் கல்லூரியில் வைத்தியம் போதித்த மதுசூதன் குப்தா என்பவர் துணிந்து கத்தியெடுத்தபோது அது ஒரு அதிசயமாக இருந்தது.

நிற்க, மேஜைமேல் கிடப்பவர் யார்? 1951ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம், உரிமை கோருவாரற்ற பிணங்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. அதாவது, உயிரோடிருந்தபோது கேட்பாரற்றுத் திரிந்த ஏழை, செத்த பிறகு அவன் சம்மதம் கேளாமலே பணக்காரனுக்கும் சேர்த்து உபகாரம் செய்கிறான்! முதல் நாள் மாணவர்கள் அப்பிணத்தின் முன் நின்று மரியாதையுறுதி கூறும் வழக்கம் இப்போது பரவி வருகின்றது, நல்லதே. ஆனால் உறுதிமொழி கூற வேண்டியவர்கள் அப்பிள்ளைகள் மாத்திரந்தானா? 2010ல் ஜோதி பாசுவும், 2024ல் சீதாராம் யெச்சூரியும் தங்கள் உடலைப் படிப்புக்குக் கொடுத்தார்கள்.

நமது தோழர்களும் கல்லூரியின் உடற்கூற்றுப் பகுதியில் சம்மதம் எழுதிக் கொடுக்கலாம். எழுதினால் போதாது, பெண்சாதி பிள்ளைகளுக்குச் சொல்லி ஒப்பச் செய்யவும் வேண்டும். அவர்கள் அன்றைக்குச் சடங்குக்காரன் பேச்சைக் கேட்டு மறுத்தால் கையெழுத்து வெறும் காகிதந்தான். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கண்ணை மட்டும் முன்னதாகக் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம்.