முதுகைப் பார்க்கத் துணை வேண்டும்!

மேட்டூர் அணை திறந்துவிட்டால் தஞ்சை வட்டாரத்தில் குறுவை நடவு மும்முரம். புருஷனும் பெண்டாட்டியும் பகல் முழுக்க வயலில்தான். "வெயில் நமக்கு என்ன புதுசா?" என்பார்கள்.

கறுத்த தோலில் புற்றுநோய் குறைவுதான், வராது என்பதில்லை! வெயிலே படாத உள்ளங்காலிலும், நகத்தடியிலும்கூட வரும். சேற்றில் நிற்கிற காலை யார் பார்க்கிறார்கள்? பலர் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

மனைவி சேலைமேல் சட்டை போடுகிறாள். கணவனும் முழுக்கைச் சட்டை, முண்டாசு போடட்டும். உச்சி வெயிலில் இருவரும் நிழலுக்கு வரட்டும். ராத்திரி கால் கழுவியதும் ஒருவர் முதுகையும் உள்ளங்காலையும் மற்றவர் பார்க்கட்டும். மாதமாகியும் ஆறாத புண்ணோ, பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளியோ தெரிந்தால், "கிளம்புங்க, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு!" என்று அழைத்துப் போக வேண்டும்.

நெற்பயிரில் புள்ளி விழுந்தால் பதறுகிற குடும்பம், உடம்பில் விழுந்தால் சும்மா இருக்கலாமா?